சட்டாம்பிள்ளையும் சாட்டிலைட்டும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கோல்ஃப் பைத்தியங்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். நாம் மெட்ராஸைச் சென்னை என்று மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது, அவர்கள் இன்னும் அந்தப் பெயரை விடவில்லை. 1833இல் தொடங்கிய பள்ளி அது. பணம் கொடுத்தவர் ஆண்ட்ரூ பெல். அவருக்குப் புகழ் தேடிக்கொடுத்தது நம்மூர் மணல்.

நான் இப்போது பி.எட். இரண்டாம் வருஷம். என் பாடம் வரலாறு. வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கு என்று எங்களுக்குத் தனியாக ஒரு தாள் உண்டு. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் ஆரம்பித்து (இன்னும் இருக்கிறது, சிரிக்காதீங்க) செயற்கை நுண்ணறிவு வரை அதில் வரும். ஒவ்வொரு கருவிக்கும் நன்மைகள் ஐந்து, குறைகள் மூன்று. மனப்பாடம் பண்ணி எழுதினால் மார்க். ஆனால் இந்தக் கருவிகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் யார், என்ன கணக்குப் போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நாளைக்கு அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவள் நான். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கணக்குதான். தேடப்போனபோது முதலில் அகப்பட்டவர் பெல்.

பெல் ஒரு ஆங்கிலிகன் பாதிரியார். 1787இல் மெட்ராஸ் வந்தார். இரண்டு வருஷம் கழித்து எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப்பள்ளி தொடங்கினார்கள், பொறுப்பு இவரிடம் வந்தது. அனாதைகள் என்று பெயரே தவிர பல பையன்களுக்கு அம்மா இருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்த ஊர்ப் பெண்களுக்கும் பிறந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். குறைந்த சம்பளத்தில் அங்கே வேலை பார்த்த ஆசிரியர்களோடு பெல்லுக்கு ஒத்துப்போகவில்லை. சொன்னதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த வழியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரே புகார்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களை மலபார் என்றுதான் எழுதினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பியிருந்த மணலில் விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் குதித்துவிட்டார். திரும்பி வந்து, நம்ம பையன்களுக்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னார். இதெல்லாம் நடக்காது என்றார் ஆசிரியர். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டார். ஒரு சிப்பாயின் மகன், வயது எட்டு. நீ சொல்லிக்கொடு என்றார். பையன் மணலைப் பரப்பிச் சொல்லிக்கொடுத்தான். வகுப்பு நடந்தது. அதன் பிறகு வகுப்புக்கு வகுப்பு பெரிய பையன்களையே வாத்தியார்களாக வைத்தார். 1796இல் ஊர் திரும்பினார். மறுவருஷமே லண்டனில் இந்தப் பரிசோதனையைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' பிறந்தது இப்படித்தான்.

பெல் குதிரையிலிருந்து பார்த்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அவருக்கு அது ஒரு காட்சி, உள்ளே என்ன நடக்கிறது என்று நின்று பார்க்கவில்லை. மணல் அங்கே எழுது பலகை மட்டும் கிடையாது. எழுத்தின் பேரை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். காது, வாய், விரல், கண் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போச்சு, தப்பு நடந்ததற்குச் சாட்சியே இருக்காது. காசும் கிடையாது. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறியதை அழிக்க முடியாதே! எண்சுவடி வாய்பாடுகள் முழுக்கக் கூட்டமாகப் பாடிப் பாடியே ஏறும். சின்னப் பையனின் விரலைப் பிடித்து மணலில் இழுக்க ஒரு பெரிய பையன் பக்கத்தில் இருப்பான். அந்தப் பெரிய பையன்களுக்குத் தலைவன் சட்டாம்பிள்ளை.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'இந்தியாவில் கல்வி வளர்ச்சி' என்று ஒரு பாடம் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் அதை நடத்தும்போது திண்ணைப் பள்ளியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், “சட்டாம்பிள்ளைன்னா க்ளாஸ் லீடரா மிஸ்? பேசுறவன் பேரெல்லாம் போர்டுல எழுதுவானா?” என்று கேட்டான். கிட்டத்தட்ட அதேதான். வாத்தியார் இல்லாத நேரத்தில் வாத்தியார் அவன்தான். பாடமும் கேட்பான், பிரம்பும் எடுப்பான். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரிந்திருக்கும்.

திண்ணைப் பள்ளியை நினைத்து ஏங்குகிறவர்கள் இணையத்தில் நிறைய. எனக்கு அந்த ஏக்கம் வரவில்லை. கோதண்டம் என்று ஒரு தண்டனை. உத்தரத்தில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடுவார்கள். தலித் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. பெண் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். நானும், என் வகுப்பில் என்னோடு படிக்கும் பாதிப் பேரும் அந்தத் திண்ணையில் ஏறியிருக்கவே முடியாது. இதை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பள்ளியின் கற்பிக்கும் உத்தியை மட்டும் கொண்டாடுவது எனக்குக் கைவராத வித்தை.

ஆனாலும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் வந்த மொத்தம்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு 15 பிள்ளைகள்தான் வரும். தெலுங்கு, மலையாள, கன்னடப் பகுதிகளும் சேர்ந்த கணக்கு இது. சட்டாம்பிள்ளை இருந்தது அந்தப் பதினைந்து பேருக்கு நடுவில்.

இதற்கும் முன்னால் ஒரு சாட்சி உண்டு. 1623இல் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தின் இக்கேரிப் பக்கம் வந்தார். ஒரு கோயில் மண்டபத்தில் காத்திருந்தபோது சில சிறுவர்கள் கணக்குப் பாடம் படிப்பதைப் பார்த்தார். ஒருவன் ராகம் போட்டு ஒரு வரி சொல்லிக்கொண்டே விரலால் தரையில் எழுதுகிறான். மற்றவர்களும் அதே வரியைச் சொல்லி எழுதுகிறார்கள். தரையில் மெல்லிய மணல் தூவியிருக்கிறது. நிறைந்ததும் அழித்துவிட்டு மறுபடி தூவிக்கொள்கிறார்கள். மறந்துபோனால் யார் திருத்துவது, வாத்தியார் இல்லையே என்று கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் மறக்காது, ஒருத்தருக்கு மறந்தால் இன்னொருத்தர் சொல்லுவோம் என்று பதில் வந்தது. பயணி அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். இந்த மண்டபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெல் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதில் முக்கியமான சரக்கு மணல் இல்லை. ஒரு பெரியவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்கிற விகிதம். இங்கிலாந்தில் அது தீயாய்ப் பரவியதற்குக் காரணம் அதுதான். தொழிற்சாலைகள் பெருகிய காலம், நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் குவிந்த காலம். இவர்களுக்கு எழுத்தறிவு வேண்டும், ஆனால் செலவு ஆகக் கூடாது. ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் லண்டன் சதர்க்கில் தனியாக இதே மாதிரி ஒரு முறையை நடத்தினார். ஒரு ஆசிரியரை வைத்து ஆயிரம் பையன்களைப் படிக்க வைக்கலாம் என்பது அவருடைய கொள்கை. யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேருக்கும், அவர்கள் பின்னால் நின்ற திருச்சபைகளுக்கும் பல வருஷம் சண்டை. திண்ணைப் பையன்கள் இந்த வழக்கில் வாதியாகவே சேர்க்கப்படவில்லை. இத்தனைக்கும் 1814இல் கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய கடிதத்தில், இந்த நாட்டு வாத்தியார்களின் முறைதான் பெல் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

லங்காஸ்டரின் பள்ளியில் அடங்காத பையன்களைக் கூடையில் உட்கார வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கோதண்டம் கூடவா கப்பலேறியது? இல்லை, அங்கேயே தனியாக முளைத்ததுதான். ஒரே ஒரு ஆள் பெரிய கூட்டத்தை மேய்க்க வேண்டும் என்றால் தொங்கவிடும் யோசனை எந்த ஊரிலும் தானாக வரும் போல.

பெல்லுக்கு இன்னொரு கருத்தும் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிற படிப்பு தேவையில்லை, எழுதவும் கணக்குப் போடவும்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை, பைபிள் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று அச்சிலேயே போட்டார். விரலால் எழுதிய மணலிலிருந்து புகழ் பெற்ற மனிதர் எழுத்தே வேண்டாம் என்கிறார், பாருங்க. ஒரு உத்தி, அது பிறந்த இடத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வேறு இடத்தில் நடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்து வயதுப் பையன் தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லிக்கொடுக்க முடியும். ஏன் என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. நாற்பது ஐம்பது வருஷத்தில் இங்கிலாந்துக்கே இது புரிந்துவிட்டது. 1846இல் அரசாங்கம், படிக்கும் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஐந்து வருஷம் ஆசிரியருக்குக் கீழே தொழில் பழக வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பயிற்சிக் கல்லூரி. இன்றைக்கு நான் பாடக்குறிப்பு நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதன் வம்சாவளியில் ஒரு கிளை அங்கே போய் முட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பையன்களின் இடத்துக்கு யந்திரங்கள் வந்தன. 1913இல் எடிசன், பள்ளிகளில் சீக்கிரமே புத்தகம் காலாவதியாகிவிடும், எல்லாம் சினிமாப் படத்தில் கற்றுத்தரப்படும் என்றார். பிறகு ரேடியோ வந்தது, அதைப் பற்றியும் இதே பேச்சு. 1953இல் உளவியலாளர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் முழிக்கிறார்கள், போட்டது சரியா தப்பா என்று அடுத்த நாள்தான் தெரியும். அவருக்குக் கோபம் வந்து, விடையை உடனே சரிபார்க்கும் ஒரு பெட்டியைச் செய்தார். அவருடைய கோபம் நியாயமானது. நாற்பது பேர் வகுப்பில் ஒரு மணிநேரம் நின்றவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். இன்றைக்கு போன் ஆப்பில் சரியான விடைக்கு மத்தாப்பு வெடிக்கிறதே, அதற்குப் பாட்டன் அந்தப் பெட்டி.

நம் நாட்டில் நடந்த இரண்டு விஷயங்களை எங்கள் தாளில் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று சைட். 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை ஒரு வருஷம், அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 சாட்டிலைட் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. விக்ரம் சாராபாயின் கனவு, அவர் உயிரோடு இருந்து பார்க்கவில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி, மாலையில் ஊருக்கு. சைட் என்றாலே கிராமத்துத் திடலில் டிவி முன்னால் மொய்த்து நிற்கும் கூட்டத்தின் புகைப்படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். என்னை நிறுத்தியது வேறு. பள்ளி விடுமுறை நாட்களில் அதே சாட்டிலைட்டை வைத்து சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். டிவி மட்டும் இல்லை. கூடவே ரேடியோ, அச்சிட்ட குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனைகள், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு வழிகாட்டி. ஒரு வருஷம் முடிந்ததும் சாட்டிலைட் திரும்பிப் போய்விட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எங்கேயும் போகவில்லை, அதற்குப் பிறகும் பல வருஷம் பாடம் நடத்தியிருப்பார்கள்.

இன்னொன்று கரும்பலகைத் திட்டம். 1986 தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக 1987இல் வந்தது. பெயரைக் கேட்டால் ஊரெல்லாம் பலகை வாங்கிக் கொடுத்த திட்டம் மாதிரி இருக்கும். உள்ளே மூன்று சமாச்சாரம் இருந்தது: மழைக்கு ஒழுகாத இரண்டு அறை, கரும்பலகை முதலான கற்பித்தல் பொருட்கள், பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர், முடிந்தவரை அதில் ஒருவர் பெண். ஓராசிரியர் பள்ளிகள் நிறைந்திருந்த நாட்டில் அந்த இரண்டாவது டீச்சர்தான் திட்டத்தின் விலை உயர்ந்த பொருள். பலகைக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும். டீச்சருக்கு மாதா மாதம் கொடுக்க வேண்டும். எந்த அரசாங்கத்துக்கும் முதல் செலவு இனிக்கும், திறப்பு விழா நடத்தலாம், புகைப்படம் எடுக்கலாம். இரண்டாவது செலவுக்கு ரிப்பன் கிடையாது.

இப்போது அந்த மண்டபத்துக்குத் திரும்பலாம். 1999இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்து, தெருப் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டி உலகப் புகழ் பெற்றவர் சுகதா மித்ரா. இவர் அடுத்து ஒரு கடினமான சோதனை செய்தார். காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் கடலோரக் கிராமம். தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருக்கும் மூலக்கூறு உயிரியலைத் தெருவோரக் கணினியில் தாங்களாகக் கற்க முடியுமா? டீச்சர் கிடையாது. அவர் மேடையில் சொன்ன கணக்குப்படி பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம் வந்தார்கள். மண்டபத்துச் சிறுவர்களைப் போலவே கூட்டமாக, ஒருவருக்கு ஒருவர் சொல்லி. அது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் 30 என்பது பாஸ் மார்க் இல்லையே. அங்கே பிள்ளைகளோடு பழகிய ஒரு இளம்பெண் இருந்தார், கணக்கு எழுதும் வேலை, உயிரியல் தெரியாது. பின்னால் நின்று, “அட, இதை எப்படிப் பண்ணினே? அடுத்தது என்ன?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள் என்றார்கள். பாட்டிமார் செய்வது மாதிரி. மதிப்பெண் 50க்குப் போனது.

2013இல் இந்தக் கதையைச் சொல்லி மித்ரா 10 லட்சம் டாலர் டெட் பரிசு வாங்கினார். கேட்டவர்கள் பிடித்துக்கொண்டது டீச்சர் இல்லாமலே படிக்கலாம் என்கிற பாதியைத்தான். 2010இல் அவரும் இன்னொரு ஆய்வாளரும் இதே காளிக்குப்பத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் முதல் வார்த்தையே 'எல்லைகள்'. மேடைக்கு வரும்போது அந்த வார்த்தை எங்கேயோ இறங்கிக்கொண்டது. எனக்குக் காளிக்குப்பத்தில் பிடித்தது அந்த 30லிருந்து 50. அந்த 20 மதிப்பெண்ணில்தான் என் வேலை இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பாடமும் தெரிந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கொரோனா வந்தபோது யாரும் திட்டமிடாமலே இந்தச் சோதனை எல்லா வீட்டிலும் நடந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தின வருஷமே தயாராக இருந்தது. பாடங்களைக் குறை சொல்ல முடியாது, நல்ல ஆசிரியர்கள், நல்ல வரைபடங்கள். என் தம்பி அப்போது ஆறாவது. டிவியில் பாடம் ஓடும், அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “அவங்க கேள்வி கேட்டுட்டு அவங்களே பதிலும் சொல்லிடுறாங்கக்கா, அப்புறம் நான் எதுக்கு?” என்றான். கற்பித்தல் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

2021 அக்டோபரில் மரக்காணத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் விட்டுப்போனதைப் பிடிக்க, சாயங்காலம் ஒன்றரை மணிநேரம், தெருவிலேயே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். அநேகமாக எல்லோரும் பெண்கள். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். மன்றோ கணக்கில் 15, இங்கே 20. சாட்டிலைட், டிவி, வாட்ஸப் எல்லாம் சுற்றிவிட்டு ஒரு ஆள், கொஞ்சம் பிள்ளைகள், ஒரு திண்ணை என்கிற இடத்துக்கே அரசாங்கம் வந்து நின்றது. இந்தத் தடவை திண்ணையில் ஏற யாருக்கும் தடையில்லை, பாடம் எடுப்பவரும் பெண். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

அந்த 1,000 ரூபாயை நான் எளிதாகத் தாண்டிப்போக முடியவில்லை. பெல் ஃபிரிஸ்கனுக்கு என்ன கொடுத்தாரோ! டிப்ளமோவும் பி.எட்.டும் முடித்து, தகுதித் தேர்வும் தேறி, வேலைக்காகக் காத்திருக்கும் அக்காக்கள் பலர் அந்தத் தன்னார்வலர் பட்டியலில் இருந்தார்கள்.

எங்கள் தெருவில் வகுப்பு எடுத்த அக்கா அவர்களில் ஒருவர். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பார். போனில் ஒரு வீடியோ போடுவார், இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, “இப்ப என்னாச்சு? நீ சொல்லு, பாப்போம்” என்பார். ஒருத்தி சொல்லத் தொடங்குவாள், இன்னொருத்தன் இல்லை என்பான், சண்டை ஆரம்பிக்கும். போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா அந்தச் சண்டையைத்தான் பாடமாக நடத்துவார். வீடியோவின் மீதியை அநேக நாள் யாரும் பார்த்ததே இல்லை.